ஹோல் கந்தோரில் வேலை ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடியுங்கள்

மட்டக்களப்பு டவுனிலும் கல்முனையிலும் புதிதாகத் திறக்கும் கந்தோர்கள் பலவற்றில் அறை என்று ஒன்று கிடையாது. வீட்டு மேல்மாடியோ பழைய கடையோ, இடைச்சுவரை இடித்து, தரைக்கு டைல்ஸ் பதித்து, முன்பக்கம் கண்ணாடி போட்டு, எல்லா மேசைகளையும் ஒரே ஹோலில் போட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் எல்லார் வாயிலும் ஒரே வசனம்: "சத்தத்தில வேலை ஓடுதில்ல." அந்த ஒரு வசனத்துக்குள் ஏழெட்டுக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்யப் போட்ட காசு இன்னொன்றைக் கூட்டிவிடுவதும் உண்டு. ஆகவே கடைக்குப் போக முன்னம் அறிகுறியைப் பாருங்கள்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

வழக்கமாகக் குழம்பும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் இருங்கள். காதில் விழுந்ததை உடனே ஒரு தாளில் எழுதுங்கள். முழு வசனமாக எழுத முடிந்தால் உங்கள் பிரச்சினை பேச்சு. ஆட்கள் கதைப்பது தெரிகிறது, என்ன கதைக்கிறார்கள் என்று விளங்கவில்லை என்றால் பிரச்சினை எதிரொலி. மனிதக் குரலே எழுதப்படவில்லை என்றால் இயந்திரமோ தெருவோ.

பலர் இந்த இடத்தில் போனில் ஒரு டெசிபல் மீட்டரை இறக்கிப் பார்த்துவிட்டு, "55தான் காட்டுது, இது சத்தமே இல்ல" என்று முடித்துவிடுகிறார்கள். மீட்டரின் வேலை வேறு. செவிப்புலன் கெடும் அபாயத்துக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் சொல்லும் எல்லை எட்டு மணித்தியாலத்துக்கு 85 டெசிபல். மேசை வேலை நடக்கும் ஹோல் அதற்குக் கிட்டவும் வராது. ஃபேன் 50 டெசிபலில் ஓடும்போது நிம்மதியாக வேலை செய்கிறவர், பின்னால் யாரோ 45 டெசிபலில் சம்பளக் கதை கதைத்தால் எழுதுவதை நிறுத்திவிடுவார். கவனத்தைக் குலைப்பது சத்தத்தின் அளவைவிட, அது விளங்குகிறதா என்பதுதான்.

திறந்த கந்தோர்களை அளப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3382இன் மூன்றாம் பகுதி என்று ஒரு சர்வதேசத் தரநியமம் இருக்கிறது. அதுவும் முக்கியமாகப் பார்ப்பது தூரத்தைத்தான்: ஒருவர் கதைப்பது எத்தனை மீற்றருக்கு அப்பால் விளங்காமல் போகத் தொடங்குகிறது? 2012 பதிப்பின்படி 5 மீற்றருக்குள் என்றால் நல்ல ஹோல், 10 மீற்றரைத் தாண்டினால் மோசம். முறைப்படி அளக்கக் கருவி வேண்டும். ஒரு மதிப்புக்குச் சக ஊழியர் ஒருவரை வீரகேசரியில் ஒரு செய்தியைச் சாதாரணக் குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நகர்ந்துகொண்டே போங்கள். எந்த இடத்தில் சொற்கள் பிடிபடாமல் போகின்றனவோ அங்கே நின்று, தூரத்தை அறிய டைல்ஸை எண்ணுங்கள். எங்கள் பக்கத்து ஹோல்களில் பெரும்பாலும் சுவரில் முட்டுவீர்கள், செய்தி இன்னும் விளங்கிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: யாராவது போனில் கதைத்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது

பக்கத்தில் இரண்டு பேர் நேரில் கதைத்தால் சமாளிக்கிறீர்கள். ஒருவர் போனை எடுத்து, "ஓம்... ஓம்... இல்ல, அது நேத்தே அனுப்பிட்டன்... எவ்வளவு?" என்று தொடங்கினால் போச்சு.

2010இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். உரையாடலின் இரண்டு பக்கமும் கேட்டவர்களுக்குக் கவனம் அவ்வளவாகக் கெடவில்லை. ஒரு பக்கம் மட்டும் கேட்டவர்களுக்குக் கெட்டது. அதே அரைப்பேச்சை விளங்காதபடி வடிகட்டிக் கொடுத்தபோது அந்தக் கேடு மறைந்தது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாத பேச்சை மூளை விட்டுவிடாது. மற்றப் பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்டிருப்பார் என்று அதுவே நிரப்பப் பார்க்கும். (அப்படியென்றால் ஸ்பீக்கரில் போட்டுக் கதைக்கட்டுமா என்று ஒருவர் கேட்பார். ஸ்பீக்கருக்குக் குரலை உயர்த்திக் கதைக்க வேண்டும். ஹோல் முழுக்கக் கூட்டத்தில் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். வேண்டாம்.)

சரிசெய்ய முதலில் அவர் ஏன் உரத்துக் கதைக்கிறார் என்று பாருங்கள். பழக்கம் என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு காரணங்கள் அடிக்கடி அகப்படும். ஒன்று சிக்னல். கொங்கிரீட் தட்டுக்குக் கீழே மறுபக்கக் குரல் மெதுவாக, விட்டுவிட்டு வரும். இவர் தானாகவே குரலை உயர்த்துவார். கந்தோர் வைஃபையில் வட்ஸ்அப் கோல் எடுக்கச் சொன்னாலே பாதி அடங்கும். மற்றது, இரண்டு காதையும் மூடும் ஹெட்செட். தன் குரல் தனக்கே கேட்காதவர் கத்தாமல் என்ன செய்வார்? ஒரு காதுக்கு மட்டும் வரும் ஹெட்செட்டை வாங்கிக் கொடுத்து, மைக் தண்டை வாயருகே இழுத்துவிடுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடுதலாக மைக்குக்குப் போகும். அவர் அந்த அளவுக்கு மெதுவாகக் கதைக்கலாம்.

அதன் பிறகு இடம். படிக்கட்டு முனை, பல்கனி, ஸ்டோர் அறை, எதையாவது கோல் எடுக்கும் இடமாக ஒதுக்குங்கள். ஒரு கதிரையும் ஒரு பிளக்கும் அங்கே இருக்க வேண்டும். நின்றுகொண்டு கதைக்கும் இடத்துக்கு யாரும் போகமாட்டார்கள்.

சொல்வதுதான் கஷ்டம். வயதில் மூத்தவரிடம் "சத்தம் போடாதீங்க" என்றால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுக்கமாட்டார். உங்கள் வேலையை முன்னுக்கு வையுங்கள். "காக்கா, கோல் வந்தா அந்தப் பல்கனிப் பக்கம் போறீங்களா? எனக்கு இந்தக் கூட்டல் மூணாந்தரமும் பிழைக்குது" என்று சிரித்துக்கொண்டு சொன்னால் எழும்பிப் போகிறார்கள். மேலதிகாரி என்றால் நேரில் வேண்டாம். "சேர், கோல் எடுக்கிறதுக்கு ஒரு மூலை ஒதுக்கித் தந்தா எல்லாருக்கும் வசதி" என்று கூட்டத்தில் பொதுவாக வையுங்கள்.

அறிகுறி: எண்கள் பிழைக்கின்றன, அதுவும் விளங்காத மொழியில் கதைத்தாலும்

சிங்களம் அவ்வளவாகத் தெரியாத தம்பி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வவுச்சர் இலக்கங்களைப் பதிகிறார். அம்பாறையிலிருந்து வந்த அதிகாரிகள் சிங்களத்தில் கதைக்கிறார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் இலக்கங்கள் மாறிப்போகின்றன. இவ்வளவு நேரம் விளங்கும் பேச்சுத்தான் எதிரி என்றேனே, இது எப்படி?

வேலையைப் பொறுத்தது. இலக்கங்களை வரிசை மாறாமல் மனதில் வைத்துக்கொண்டு பதியும் வேலையை எந்தப் பேச்சும் கெடுக்கும். 1976இலேயே இதைக் காட்டினார்கள்: ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு, அவர்களுக்குத் தெரியாத ஜெர்மன் மொழியில் ஒரு பகுதியைப் பின்னணியில் வாசித்தபோது, எழுத்துகளை வரிசையாக நினைவில் வைப்பது பிழைத்தது. காரணம் பொருள் இல்லை. கணத்துக்குக் கணம் மாறும் ஒலி. அறிக்கை வாசிப்பது, கடிதம் எழுதுவது போன்ற வேலைக்குத்தான் பொருள் விளங்கும் பேச்சு கூடுதல் கேடு.

இதனால் பரிகாரமும் மாறும். எண் வேலைக்காரருக்கு ஒலி மாறாமல் இருக்க வேண்டும்: ஃபேன், மழைச்சத்தப் பதிவு, ஒரே சீரான இரைச்சல் எதுவும் உதவும். பாட்டு உதவாது, நாதஸ்வரமானாலும்கூட, அதுவும் ஏறி இறங்கும் ஒலிதானே. இன்னொன்று, நினைவில் சுமப்பதைக் குறையுங்கள். எட்டு இலக்கத்தை ஒரே மூச்சில் பதிய வேண்டாம். மூன்று, மூன்று, இரண்டாகப் பிரித்து, வவுச்சரின் மேல் ஒரு அடிமட்டத்தை வைத்து வரிவரியாக இறக்குங்கள். எழுத்து வேலைக்காரரை எண் வேலைக்காரருக்குப் பக்கத்திலும், கோல் எடுக்கிறவர்களை எதிர்மூலையிலும் போடுவது காசில்லாத மாற்றம்.

அறிகுறி: ஏசி போட்ட பிறகுதான் கூடிப்போச்சு

இதை நம்பமாட்டார்கள், ஆனால் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. லட்சக்கணக்கில் செலவழித்து ஏசி போட்டாயிற்று, கச்சான் காற்றின் சூடும் இல்லை, ஆனால் முன்னைவிட இப்போதுதான் குழம்புகிறது.

இரண்டு விஷயங்கள் நடந்திருக்கின்றன. சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டீர்கள். அது இவ்வளவு நாளும் தூரத்துப் பேச்சை மூடிக்கொண்டிருந்தது. அத்தோடு ஜன்னல்களை அடைத்துவிட்டீர்கள். ஒலியியலில் திறந்த ஜன்னலைவிட நல்ல ஒலி உறிஞ்சி கிடையாது. போன ஒலி திரும்பி வராது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் வொலஸ் சபைன் 1890களில் எதிரொலிக் கணக்கை உருவாக்கியபோது, திறந்த ஜன்னலைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டார்.

அந்தக் கணக்கு எளிது: ஹோலின் கனவளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் பிரித்தால், கைதட்டிய ஒலி அடங்க எத்தனை செக்கன் என்று வரும். 10 மீற்றர் நீளம், 6 அகலம், 3 உயரம் என்றால் 180 கன மீற்றர். டைல்ஸ், பூச்சுச் சுவர், கண்ணாடி எல்லாம் ஒலியைத் திருப்பி அனுப்புபவை. எல்லாவற்றோடும் ஆட்கள், தளபாடங்களையும் சேர்த்தால் சுமார் 12 சதுர மீற்றர் உறிஞ்சும் பரப்பு. விடை 2.4 செக்கன், கந்தோருக்கு மிக மோசம். நடுத்தர ஜன்னல் நான்கைத் திறந்தால் இன்னும் 7 சதுர மீற்றர், உடனே 1.5 ஆகும். ஏசிக்காக அடைத்ததும் இழந்தது அதைத்தான்.

எதிரொலி கூடினால் ஆட்களும் உரத்துக் கதைப்பார்கள். இரைச்சலில் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911இல் விவரித்தார். ஒருவர் உயர்த்த, பக்கத்தில் உள்ளவரும் உயர்த்த, பதினொரு மணிக்கெல்லாம் ஹோல் சந்தையாகிவிடும். பின்னேரம் வரும் தலையிடிக்குப் பனடோல் தேடுகிறவர்கள் இந்த ஹோல்க்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது: ஏசியோடு சீலிங் ஃபேனையும் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். பேச்சை மூடும் சீரான ஒலி 40 முதல் 45 டெசிபல் வரை இருந்தால் போதும். அதைத் தாண்டினால் லொம்பார்ட் சொன்னது தொடங்கும்.

நிலையான வேலை என்றால் உறிஞ்சும் பலகை. மேலே சொன்ன ஹோலுக்கு 30 சதுர மீற்றர் நல்ல பலகை போட்டால், ஜன்னல் அடைத்தபடியே 0.8 செக்கனுக்கு இறங்கும். ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) கிடைத்தால் அதுதான் திறம். இங்கே தேடி அலுத்தவர்கள் தும்பு மெத்தைத் தட்டைப் பாவிக்கலாம்: இரண்டு அங்குலத் தடிப்பு, மரச்சட்டத்துக்குள் இறுக்கி, மேலே துணி. துணி விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரெக்சினோ பிளாஸ்டிக் பூசிய துணியோ போட்டால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் போக வேண்டும். மருதமுனைக் கைத்தறித் துணி இந்தச் சோதனையில் அழகாகத் தேறும், பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

சுவரோடு ஒட்ட வேண்டாம். இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு ரீப்பையில் அடியுங்கள். அந்த வெளி ஆண் குரலின் தாழ்ந்த பகுதியையும் பிடிக்க உதவும்; கார்த்திகை, மார்கழி மழையில் சுவர் ஓதம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்காமலும் தப்பும். தும்பு எரியும் பொருள், பிளக், சுவிட்ச், வயர் அருகே வேண்டவே வேண்டாம். முட்டை அட்டை அடிப்பவர்களுக்கு: சுவர் அசிங்கமாகும், கறையான் வரும், பேச்சு அப்படியே கேட்கும். தனிப் பன்பாயும் மெல்லிசு, கணக்கில் சேராது.

இதில் ஒரு வயிற்றெரிச்சல். இன்றைய பாணித் திறந்த கந்தோர் என்ற யோசனை 1950களின் கடைசியில் ஜெர்மனியில் பிறந்தபோது, தரைக்கு விரிப்பு, மறைப்புத் தட்டி, செடி எல்லாம் அதோடு சேர்ந்தே வந்தன. நாங்கள் சுவரை இடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம். "எல்லாரும் ஒண்ணா இருந்தா நல்லாக் கதைச்சு வேலை செய்வாங்க" என்று சொல்லும் முகாமையாளருக்கு ஒரு தகவல்: 2018இல் வெளியான ஆய்வில் ஈதன் பேர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டேர்பன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இரண்டு நிறுவனங்களில் ஊழியர்களுக்கு உணரி மாட்டி அளந்தார்கள். திறந்த ஹோலுக்கு மாறியபின் நேரில் கதைப்பது ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது.

அறிகுறி: சத்தமே இல்லை, ஆனால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் வேலை செய்ய முடியவில்லை

உங்கள் மேசை கதவுக்குப் பக்கத்திலா? அப்படியென்றால் நீங்கள்தான் சம்பளமில்லாத வரவேற்பாளர். "மிஸ், இந்தப் பாரம் எங்க குடுக்கிற?" "தங்கச்சி, சேர் இருக்காரா?" உள்ளே வருகிறவர் முதலில் கண்ணில் படும் முகத்திடம்தான் கேட்பார். முகத்தைத் திருப்புவதுதான் பரிகாரம். மேசையைச் சுழற்றிக் கதவுக்குப் பக்கவாட்டாகப் போடுங்கள், இடையில் ஒரு கோப்பு அலுமாரியை நிறுத்துங்கள். கதவுக்கு நேரே, நெஞ்சு உயரத்தில், எந்த அலுவலுக்கு எந்த மேசை என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். கதவுக்கு முழுமையாக முதுகு காட்டி உட்காரவும் வேண்டாம். பின்னால் யார் வருகிறார் என்று கழுத்து திரும்பிக்கொண்டே இருக்கும்.

கேள்வியைத் தடுக்க முடியாத கந்தோர்களும் உண்டு; மக்கள் வரத்தானே அது இருக்கிறது. அங்கே தலையை நிமிர்த்த முன்னம், "ஒரு செக்கன்" என்று சொல்லிவிட்டு, அடுத்துச் செய்யவிருந்ததை இரண்டு சொல்லில் பென்சிலால் எழுதுங்கள். "வரி 14, கழிவு" போதும். திரும்பி வந்து எங்கே விட்டேன் என்று தேடும் நேரம் மிச்சம். ஆய்வாளர் குளோரியா மார்க்கும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இடையூறு பட்டவர்கள் வேலையை இன்னும் கெதியாக முடித்தார்கள்; ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன. ஆகவே வேலை முடிகிறதே என்று உங்கள் சேர் சொன்னால் அது பதில் ஆகாது.

வட்ஸ்அப் குழுக்களின் டிங் சத்தம் இந்தப் பகுதியில்தான் சேரும். எல்லார் போனும் சைலண்ட். அவ்வளவுதான்.

அறிகுறி: விலை கூடிய ஹெட்போன் வாங்கியும் கேட்கிறது

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் ஏசி, ஃபேன், பஸ் இஞ்சின் போன்ற தாழ்ந்த, சீரான ஒலிகளை நன்றாக அடிக்கும். பேச்சில் அவ்வளவு கெட்டித்தனம் இல்லை. பின்னணி இரைச்சலை எடுத்துவிட்டால் பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்பதும் உண்டு. ஹெட்போனுக்குள்ளே மழைச்சத்தம் ஒன்றை மெதுவாக ஓடவிடுங்கள், சரியாகும். பேச்சை அமுக்கப் பாட்டைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் எல்லை கிழமைக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபல். முழுநேர வேலையே 40 மணித்தியாலத்தைத் தின்றுவிடும்.

பஞ்சு போன்ற காதடைப்பான் மலிவு, பேச்சையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் ஏசி இல்லாத ஹோலில், வியர்க்கும் மாதங்களில் நாள் முழுக்கப் போட்டால் காதுக்குள் அரிப்பும் சீழும் வரலாம். மணிக்கொரு தரம் கழற்றுங்கள், மற்றவருடையதைப் போடாதீர்கள்.

அறிகுறி: ஆட்கள் இல்லாத நேரத்திலும் ஒரு சத்தம்

சீலிங் ஃபேன் டிக் டிக் என்றால் இதழ் ஸ்குரூ தளர்ந்திருக்கும் அல்லது இதழ் சமநிலை இல்லை. குறைந்த வேகத்தில் மட்டும் உம்ம்ம் என்று முனகினால் குற்றவாளி ரெகுலேட்டர். சுழற்றும் குமிழுள்ள எலக்ட்ரோனிக் ரகங்கள் பல இப்படி முனகும். படிப்படியாக மாறும் கப்பாசிட்டர் ரெகுலேட்டருக்கு மாற்றினால் நிற்கும். கரண்ட் போனதும் யூபிஎஸ் கத்துவதைப் பல மொடல்களில் முன் பட்டனை ஒருதரம் அமத்தி நிறுத்தலாம். நீண்ட நேரம் அமத்தினால் கம்பியூட்டரும் சேர்ந்து போய்விடும், கைநூலைப் பார்த்துச் செய்யுங்கள்.

ஜெனரேட்டர் கீழே முற்றத்தில் இருக்கிறது, ஜன்னல் அடைத்தும் மேசை அதிர்கிறது என்றால் அது காற்றில் வரும் சத்தம் இல்லை, கட்டடத்தால் ஏறி வருவது. கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கத் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மற்ற முனையைக் காதில் வைப்பார்களே, அதே வழி. திரை தொங்கவிட்டுப் பயனில்லை. இஞ்சினுக்கும் சீமெந்துக்கும் நடுவே தடித்த ரப்பர் வையுங்கள், புகைக்குழாயைச் சுவரில் இறுகக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.

அறிகுறி: வெளியிலிருந்து வருகிறது

பாண் ஓட்டோவின் பியானோ இசை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். அதற்கு எதிராக ஒன்றும் செய்ய வேண்டாம், எப்படியும் ஒருவர் பணிஸ் வாங்க இறங்குவார். தேநீர் நேரத்தை அதோடு பொருத்திவிடுங்கள். பள்ளிவாசல் பாங்கு நேரங்கள் முன்கூட்டியே தெரிந்தவை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களும் அப்படியே. கொழும்புக்காரரோடு சூம் கூட்டம் போடும்போது அந்த நேரங்களை விட்டுப் போடுங்கள். சூமின் ஒலி அமைப்பில் பின்னணி இரைச்சல் அடக்குவதை உயர் நிலைக்கு மாற்றினால் அவர்களுக்குக் கேட்பது குறையும். உங்களுக்கு அது எதையும் குறைக்காது. தகரக் கூரையில் மாரி மழை கொட்டும்போது கூட்டம் வைத்துக் கத்திக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. அந்த நேரத்துக்கென்று தனியாக எழுதும் வேலை, கூட்டல் வேலை எதையாவது எடுத்து வையுங்கள். அந்த இரைச்சலுக்குள் யார் பேச்சும் விளங்காது.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

மற்றவர்களுக்குப் பிரச்சினையில்லாத ஹோலில் உங்களுக்கு மட்டும் இரண்டு பேர் கதைத்தால் எதுவும் பிடிபடவில்லை, காதுக்குள் கீச்சென்று ஒரு ஒலி போகவே மாட்டேன் என்கிறது, சாதாரணச் சத்தமே வலிக்கிறது என்றால் ஹோலைத் திருத்துவதை நிறுத்துங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைக் கிளினிக்கில் காட்டுங்கள். சில பேருக்குக் காதில் இறுகிய குறும்பியை எடுத்தாலே சரியாகிவிடும். வீட்டில் பஞ்சுக்குச்சி விட்டுக் கிண்டினால் அது இன்னும் உள்ளேதான் போகும்.